தளபதிகளின் கையெழுத்திட்ட படங்கள்

போர்த் தளபதிகளின் கையெழுத்திட்ட புகைப்படங்களைச் சேகரிக்கும் வழக்கம் 1860-களின் தொடக்கத்தில், அமெரிக்க உள்நாட்டுப் போரை ஒட்டிப் பரவியது. தளபதிகளின் புகழ் அதைவிடப் பழையது. அவர்கள் எழுதிய கடிதங்களைப் பத்திரப்படுத்தியவர்கள் முன்பே இருந்தார்கள். அவர்களின் உருவத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு விற்றவர்களும் இருந்தார்கள். ஆனால் முகமும் கையெழுத்தும் ஒரே இடத்தில் சேரவில்லை. வாட்டர்லூவில் வென்ற வெலிங்டன் கோமகன் 1844-இல் லண்டனில் ஆன்ட்வான் க்ளோடேயின் ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்டபோது கிடைத்தது வெள்ளி பூசிய தகட்டுப் படம். அதிலிருந்து நேரடியாகப் பிரதி எடுக்க வழியில்லை, அதன் மேல் பேனா வைக்கவும் முடியாது. 1855-இல் கிரிமியப் போர்முனைக்குப் போன ரோஜர் ஃபென்டன் 350-க்கும் மேற்பட்ட படங்களோடு திரும்பினார். அவற்றில் அதிகாரிகளின் உருவப்படங்கள் ஏராளம். அவை காகிதப் பிரதிகளாக விற்பனைக்கு வந்தன என்றாலும் அளவில் பெரியவை, விலையும் அதிகம். நடுத்தர வீடுகளுக்குள் அவை நுழையவில்லை.

வழியைத் திறந்தவர் பாரிஸ் நகரப் புகைப்படக்காரர் ஆந்த்ரே அடோல்ஃப் டிஸ்டேரி. 1854 நவம்பரில் அவர் காப்புரிமை பெற்ற முறையில், பல லென்ஸ்கள் பொருத்திய கேமராவைக் கொண்டு ஒரே கண்ணாடித் தகட்டில் எட்டுப் படங்கள் வரை எடுக்கலாம். முட்டை வெண்கரு பூசிய மெல்லிய தாளில் அவற்றை அச்சிட்டு, தனித்தனியாக வெட்டி, ஏறக்குறைய நான்கு அங்குல உயரமும் இரண்டரை அங்குல அகலமும் உள்ள தடித்த அட்டையில் ஒட்டுவார்கள். விசிட்டிங் கார்டின் அளவில் இருந்ததால் இவை ‘கார்ட் டி விசிட்’ என்ற பெயரிலேயே உலகமெங்கும் பரவின. படத்துக்குக் கீழே அட்டையின் வெள்ளை ஓரம் கொஞ்சம் மிஞ்சும். பின்பக்கம் முழுவதும் வெறுமையாக இருக்கும், அல்லது ஸ்டுடியோவின் பெயர் மட்டும் அச்சாகியிருக்கும். கையெழுத்துக்கு அந்த இரண்டு இடங்களும் போதும். வெண்கருத் தாளின் வழவழப்பில் மை சரியாக ஒட்டாது என்பதால் ஓரமும் பின்பக்கமுமே பலருக்கு வசதியாக இருந்தன. படத்தின் மேலேயே எழுதியவர்களும் உண்டு.

1860-இல் ஜே. இ. மேயால் விக்டோரியா அரசி குடும்பத்தின் படங்களை இப்படி அட்டைகளாக வெளியிட்டதும் இங்கிலாந்தில் அட்டைப்படம் வாங்காத வீடு குறைவு என்ற நிலை வந்தது. அட்டைகளைச் செருகி வைக்கத் துளைப் பைகள் கொண்ட ஆல்பத்துக்கு அமெரிக்காவில் 1861-இல் காப்புரிமை வழங்கப்பட்டது. அதே ஆண்டில்தான் அமெரிக்க உள்நாட்டுப் போரும் வெடித்தது. ஆல்பத்தில் காலியான பக்கங்கள் காத்திருக்க, அவற்றை நிரப்ப நாயகர்களைப் போர் தந்துகொண்டே இருந்தது.

முதல் நாயகர் மேஜர் ராபர்ட் ஆண்டர்சன். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் சம்டர் கோட்டையைக் காத்துக்கொண்டிருந்த வடபுல அதிகாரி அவர். 1861 பிப்ரவரியில், கோட்டை முற்றுகையில் இருந்தபோதே, சார்ல்ஸ்டன் நகரப் புகைப்படக்காரர் ஜார்ஜ் எஸ். குக் உள்ளே போய் அவரைப் படமெடுத்தார். நியூயார்க்கின் ஈ. அண்ட் எச். டி. ஆன்டனி நிறுவனம் அந்தப் படத்தை அட்டையாக வெளியிட்டது. நாளொன்றுக்கு ஆயிரம் பிரதிகள் போனதாக அக்காலத்தில் பேசப்பட்டது. ஏப்ரல் 12-இல் கோட்டை மீது குண்டு விழுந்து, இரண்டு நாளில் ஆண்டர்சன் வெளியேறிய பின் அவர் முகத்தைத் தெரியாதவர் வடக்கில் அரிது. ஒரு படை அதிகாரியின் முகம் செய்தியோடு சேர்ந்து வீட்டுக்குள் வந்து மேசைமேல் உட்கார்ந்தது அமெரிக்காவுக்குப் புதிது.

ஆன்டனி நிறுவனம் புகைப்படக்காரர் மேத்யூ பிராடியின் ஸ்டுடியோவில் எடுத்த தகடுகளிலிருந்தும் பிரதிகள் போட்டு விற்றது. 1862 நவம்பரில் அது வெளியிட்ட விலைப்பட்டியலில் தரைப்படை, கடற்படை அதிகாரிகளுக்குத் தனிப் பகுதிகள் இருந்தன. அட்டை ஒன்றின் வழக்கமான விலை 25 சென்ட். மாதம் 13 டாலர் சம்பளம் வாங்கிய சாதாரணச் சிப்பாய்க்கும் தன் தளபதியின் படம் எட்டாத பொருளாக இல்லை. கடையில் வாங்கிய அட்டையை உறையிலிட்டு, கையெழுத்துக் கேட்டுத் தளபதிக்கே அஞ்சலில் அனுப்பும் பழக்கம் இப்படித்தான் தொடங்கியது. பாசறையிலிருந்த பலர் மறுக்காமல் எழுதித் திருப்பி அனுப்பினார்கள்.

இது ஒரு வழி. இன்னொரு வழி அதிகாரிகளுக்குள்ளேயே நடந்த பரிமாற்றம். புதிய ரெஜிமென்ட் ஒன்று புறப்படும் முன்னால் அதன் கேப்டன்களும் லெப்டினன்ட்களும் ஊர் ஸ்டுடியோவில் டஜன் கணக்கில் படம் போட்டுக்கொண்டு, ஒருவருக்கொருவர் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். பெயர், பதவி, ரெஜிமென்ட் எண், சில சமயம் பாசறை இருந்த இடமும் நாளும் அதில் இருக்கும். இந்த இரண்டாவது வகைதான் வரலாற்றுக்கு அதிகம் தந்தது. புகழ்பெற்ற ஜெனரலின் படம் எங்கும் கிடைக்கும். ஆனால் அடுத்த மாதமே போரில் மாண்டுபோன ஒரு லெப்டினன்டின் முகத்துக்கு, நண்பனுக்கு அவர் எழுதிக் கொடுத்த ஒற்றை அட்டையைத் தவிர வேறு சாட்சி பெரும்பாலும் இல்லை.

இத்தகைய அட்டை ஒன்றை எப்படிப் படிப்பது என்பதற்கு வடபுலத் தளபதி யுலிசிஸ் கிராண்டின் கையெழுத்து நல்ல எடுத்துக்காட்டு. ‘யு. எஸ். கிராண்ட்’ என்று எழுதி, அதன் கீழ் லெப்டினன்ட் ஜெனரல் என்ற பதவியைச் சுருக்கமாகச் சேர்த்திருந்தால் காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம். 1864 மார்ச் 9 அன்று ஜனாதிபதி லிங்கன் அந்தப் பதவி ஆணையை அவர் கையில் கொடுத்தார். 1866 ஜூலை 25-இல் அவர் அதற்கும் மேலான ஜெனரல் பதவிக்கு உயர்ந்தார். ஆகவே கையெழுத்து இந்த இரண்டு நாள்களுக்கும் இடைப்பட்டது. இனி அட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். போர்ச் செலவைச் சமாளிக்க அமெரிக்க அரசு 1864 செப்டம்பர் 1 முதல் 1866 ஆகஸ்ட் 1 வரை புகைப்படங்களுக்கு வரி விதித்தது. 25 சென்ட் வரை விலையுள்ள படத்துக்கு 2 சென்ட் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன்மேல் புகைப்படக்காரர் தன் பெயரின் முதலெழுத்துகளையும் தேதியையும் எழுதி அடித்துவிட வேண்டும். புகைப்படத்துக்கென்று தனி ஸ்டாம்ப் அச்சிடாததால் சீட்டுக்கட்டுக்கும் வங்கிக் காசோலைக்கும் அச்சிட்டவற்றையே ஒட்டினார்கள். கிராண்ட் அட்டையின் பின்னால் சீட்டுக்கட்டு ஸ்டாம்ப் இருப்பதைப் பார்த்துப் போலி என்று ஐயப்படத் தேவையில்லை. அது காலத்துக்குப் பொருந்திய அடையாளம். ஸ்டாம்பில் தேதி இருந்தால் அட்டை எப்போது விற்கப்பட்டது என்பதும் தெரியும்.

பதவியைக் கொண்டு காலம் கணிப்பதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. போர் முடியும் தறுவாயில், கௌரவத்துக்காகத் தரும் ‘பிரெவெட்’ எனும் மதிப்புப் பதவிகள் அள்ளி வழங்கப்பட்டன. அவற்றுள் மிகப் பல 1865 மார்ச் 13 என்ற ஒரே தேதியிட்டவை. ஆணைகள் கைக்கு வந்ததோ மாதங்கள் கழித்து. பழைய படத்தில் புதிய பதவியைச் சேர்த்துக் கையெழுத்திட்டவர்களும் இருந்தார்கள். கர்னலின் சீருடையில் இருப்பவர் கீழே பிரிகேடியர் ஜெனரல் என்று எழுதியிருந்தால், படம் எடுத்த நாளும் கையெழுத்திட்ட நாளும் வேறு என்பதே அதன் பொருள்.

போரின் நடுவிலேயே கையெழுத்துக்குப் பண மதிப்பும் வந்துவிட்டது. காயம்பட்ட வீரர்களுக்கு மருந்தும் துணியும் அனுப்பிய சானிட்டரி கமிஷன் என்ற அமைப்புக்காக வடபுல நகரங்களில் பெரும் நிதிச் சந்தைகள் நடந்தன. 1863-இல் சிகாகோவில் நடந்த சந்தைக்கு லிங்கன் தன் அடிமைகள் விடுதலைப் பிரகடனத்தின் கையெழுத்துப் படியையே கொடுத்தார். அது 3,000 டாலருக்குப் போனது. 1864 ஏப்ரலில் நியூயார்க்கில் நடந்த சந்தையில், ஒரு வாளைக் கிராண்டுக்குக் கொடுப்பதா இன்னொரு வடபுலத் தளபதி மக்லெல்லனுக்குக் கொடுப்பதா என்று ஓட்டுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு மக்களிடமே கேட்டார்கள், கிராண்ட் வென்றார். அந்தச் சந்தை மட்டும் பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. இத்தகைய சந்தைகளில் கையெழுத்துகளுக்கும் படங்களுக்கும் எப்போதும் ஒரு மேசை இருந்தது.

இந்த நிதிச் சந்தை மரபு போருக்குப் பின் தெற்கில் இன்னும் உருக்கமான வடிவம் எடுத்தது. தோற்ற படையின் தளபதி ராபர்ட் ஈ. லீ 1865-இல் வர்ஜீனியாவின் லெக்சிங்டனில் இருந்த வாஷிங்டன் கல்லூரியின் தலைவரானார். சொத்து பறிபோயிருந்தது, குடியுரிமை திரும்பியிருக்கவில்லை. விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் நிதி திரட்டிய தெற்கத்திப் பெண்கள் அவரிடம் பணம் கேட்கவில்லை, கையெழுத்திட்ட படம் கேட்டார்கள். 1866 ஏப்ரலில் பால்டிமோரில் தென்புல நிவாரணச் சந்தை நடந்தது. அதைப் போன்ற சிறு சந்தைகள் ஊர் ஊராக நடந்தன. லீ அட்டை அட்டையாக ‘ஆர். ஈ. லீ’ என்று எழுதி அனுப்பினார். லெக்சிங்டனில் அவரைப் படமெடுத்தவர் மைக்கேல் மைலி. போர்க்காலத்தில் ரிச்மண்டில் வன்னர்சன் எடுத்த சீருடைப் படமும், சரணடைந்த சில நாள்களில் வீட்டின் பின்தாழ்வாரத்தில் பிராடி எடுத்த படமும் ஏற்கெனவே பரவியிருந்தன. 1870 அக்டோபரில் லீ இறந்தார். கையெழுத்திட்ட அவருடைய அட்டைகள் இன்று கணிசமாகக் கிடைப்பதற்கு அந்த ஐந்தாண்டுகளே காரணம். 1863 மே மாதமே இறந்துவிட்ட தென்புலத் தளபதி ஸ்டோன்வால் ஜாக்சனுக்கு அப்படியொரு காலம் வாய்க்கவில்லை. போர்க்காலத்தில் அவரை எடுத்த படங்கள் இரண்டே. கையெழுத்திட்ட படம் மிக அரிது.

லீயின் கையெழுத்துகளைப் பற்றிப் பேசும்போது, அவர் எதற்காகப் போரிட்டார் என்பதை மறைப்பது நேர்மையாகாது. அடிமை முறையைக் காக்கப் பிரிந்த அரசின் படைத்தலைவர் அவர். அந்த அட்டைகள் அநாதைகளுக்குச் சோறு போட்டன. அதே அட்டைகள் தோற்ற தரப்பைப் புனிதப்படுத்தும் நினைவு மரபுக்கும் தீனி போட்டன.

1870-களில் அட்டைப்பட மோகம் தணிந்து, அளவில் பெரிய கேபினெட் அட்டைகள் அதன் இடத்தைப் பிடித்தன. போர்ப் படங்களுக்கு விலை விழுந்தது. பிராடி கடனில் மூழ்கினார். 1874-இல் ஏலத்துக்கு வந்த அவருடைய தகடுகளைப் போர்த்துறை 2,840 டாலருக்கு எடுத்தது. அடுத்த ஆண்டு காங்கிரஸ் அவருக்கு 25,000 டாலர் ஒதுக்கியது. ஆனால் பழைய அதிகாரிகளின் சங்கங்கள் தங்கள் முகங்களை மறக்கவில்லை. 1865-இல் தோன்றிய லாயல் லீஜன் சங்கத்தின் மாசசூசெட்ஸ் கிளை, முன்னாள் அதிகாரிகளிடமிருந்தே படங்களைக் கேட்டு வாங்கிச் சேர்த்தது. அந்தத் தொகுப்பு இன்று பென்சில்வேனியாவின் கார்லைலில் உள்ள அமெரிக்கத் தரைப்படை வரலாற்று மையத்தில் இருக்கிறது.

தனியாள் சேகரிப்பில் ஃபிரெடரிக் ஹில் மெசர்வுக்கு ஈடு கிடையாது. அவருடைய தந்தை உள்நாட்டுப் போரில் காயம்பட்ட வடபுல அதிகாரி. தந்தையின் போர் நாட்குறிப்பில் வரும் மனிதர்களின் படங்களைச் சேர்த்து அந்தக் குறிப்பை அலங்கரிக்கலாம் என்று 1897-இல் தொடங்கிய வேலை, அவர் வாழ்நாளையே எடுத்துக்கொண்டது. 1902-இல் ஆன்டனி நிறுவனத்தின் பழைய இருப்பிலிருந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடித் தகடுகளை வாங்கினார். குப்பைக்குப் போயிருக்க வேண்டிய தகடுகள் அவை. அவற்றில் பிராடி ஸ்டுடியோவைச் சேர்ந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவை 1981-இல் வாஷிங்டனின் தேசிய உருவப்படக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மகன் தன் தந்தையின் தோழர்களைத் தேடப்போய் ஒரு தேசத்தின் முகங்களைக் காப்பாற்றினார்.

பிற்காலச் சேகரிப்பாளர்களுக்கு வேட்டைப் பட்டியலாக அமைந்தவை எஸ்ரா வார்னரின் இரண்டு நூல்கள். 1959-இல் வந்த முதல் நூல் தென்புல ஜெனரல்கள் 425 பேரையும், 1964-இல் வந்த இரண்டாவது வடபுல ஜெனரல்கள் 583 பேரையும் படங்களோடு தந்தன. அத்தனை பேருடைய கையெழுத்திட்ட படங்களையும் ஒருவர் சேர்த்து முடிப்பது நடக்காத காரியம். பட்டியல் கையில் இருப்பதே தேடலுக்குத் தெம்பு தந்தது.

முதல் உலகப் போரில் அட்டைப்படத்தின் இடத்தை அஞ்சலட்டை எடுத்துக்கொண்டது. ஜெர்மனியில்தான் இது உச்சத்தைத் தொட்டது. பதுங்குகுழிகளில் லட்சக்கணக்கானோர் பெயரின்றி மடிந்த போரில், தனி மனிதனின் வீரத்தைக் காட்ட வானம் மட்டுமே மிஞ்சியிருந்தது. பெர்லினின் வில்லி சாங்கே போர் விமானிகளின் உருவப்படங்களை எண் இட்டு வரிசையாக வெளியிட்டார். 1916 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் பூர் லெ மெரித் என்ற உயர் படை விருது பெற்ற ஓஸ்வால்ட் பெல்கேயும் மாக்ஸ் இம்மெல்மானும் அதன் முதல் நட்சத்திரங்கள். இருவருமே அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் சாங்கே அட்டைகளைச் சேர்த்தார்கள், மாற்றிக்கொண்டார்கள், விமானப் படைமுகாமுக்கு அனுப்பிக் கையெழுத்துக் கேட்டார்கள்.

ஜெர்மன் போர் விமானி மான்ஃப்ரெட் வான் ரிஷ்ட்ஹோஃபனின் அட்டைகளையும் கிராண்ட் அட்டையைப் போலவே காலம் கணிக்கலாம். 1917 வசந்தத்தில் சில வார இடைவெளியில் அவர் லெஃப்டினன்ட் நிலையிலிருந்து ஓபர்லெஃப்டினன்டாகவும், பிறகு குதிரைப்படைக் கேப்டனுக்குரிய ரிட்மைஸ்டராகவும் உயர்ந்தார். அட்டையில் அச்சான பதவி ஒன்றும் கையெழுத்தோடு உள்ள பதவி வேறொன்றுமாக இருந்தால், கடைக்கு வந்து சில காலம் கழித்துத்தான் அவர் அதில் எழுதியிருக்கிறார். 1918 ஏப்ரல் 21-இல், 80 வெற்றிகளுக்குப் பிறகு, அவர் சுட்டு வீழ்த்தப்பட்டார். அதன்பின் அவர் பெயரில் வந்த கையெழுத்து எல்லாம் போலி. பெருகியவையும் அவையே.

பிரிட்டன் தன் விமானிகளை இப்படித் தனித்தனி நாயகர்களாக்கத் தயங்கியது. ஆனால் கிட்ச்னர், ஜெல்லிக்கோ, பீட்டி போன்ற உயர் தளபதிகளின் அஞ்சலட்டைகள் எங்கும் விற்றன. பிரான்சில் கினமேர், அமெரிக்காவில் ரிக்கன்பேக்கர் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு முகம் கிடைத்தது.

இரண்டாம் உலகப் போரில் நாஜி அரசு இந்த வழக்கத்தைத் திட்டமிட்டுப் பிரச்சாரக் கருவியாக்கியது. ஹிட்லரின் புகைப்படக்காரர் ஹைன்ரிஷ் ஹாஃப்மான் நைட்ஸ் கிராஸ் விருதாளர்களின் அஞ்சலட்டைகளைப் பெருமளவில் அச்சிட்டார். அந்த விருது பெற்றவர்கள் ஏறக்குறைய 7,300 பேர். நீர்மூழ்கித் தளபதி குன்டர் ப்ரீன், விமானிகள் மோல்டர்ஸ், கலாண்ட், மார்சேய், பாலைவனத்தில் போரிட்ட ரோமல் ஆகியோருக்குக் கையெழுத்துக் கேட்டுச் சிறுவர்கள் எழுதிய கடிதங்கள் குவிந்தன. ரோமல் தயங்காமல் எழுதிக் கொடுத்தார். அட்டையைக் கையில் வைத்திருந்த சிறுவன் தானும் அப்படியொரு வீரனாக வேண்டும் என்று ஏங்கினான். அந்த ஏக்கத்துக்காகத்தான் அரசு அட்டைகளை அச்சிட்டது.

போர் முடிந்ததும் பல வீடுகளில் இவை எரிக்கப்பட்டன. எஞ்சியவை பெட்டிக்கடியில் போயின. சீருடையில் இருந்த ஸ்வஸ்திகாவைச் சுரண்டியோ வெட்டியோ நீக்கிய அட்டைகள் இன்றும் கிடைக்கின்றன. அந்தச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவது, வரலாறு, கல்வி போன்ற தேவைகளைத் தவிர, ஜெர்மனியில் குற்றம். நாஜி அரசின் கடைசித் தலைவரான கடற்படைத் தளபதி டோனிட்ஸ் நியூரம்பர்க் தீர்ப்பின்படி பத்தாண்டு சிறையிருந்து 1956 அக்டோபரில் வெளியே வந்தார். ஹாம்பர்க் அருகே ஆவ்ம்யூலேயில் 1980-இல் இறக்கும்வரை, உலகெங்கிலுமிருந்து வந்த கையெழுத்து வேண்டுகோள்களுக்கு அவர் பதில் அனுப்பிக்கொண்டிருந்தார். இத்தகைய கையெழுத்துகளைச் சேகரிப்பவர்கள் எல்லோரும் நாஜி அபிமானிகள் அல்லர். ஆனால் குற்றவாளி எனத் தீர்ப்பான ஒருவரின் கையெழுத்தை, தீர்ப்பைச் சொல்லாமல் வீரரின் கையெழுத்து என்று விற்பது வரலாற்றைத் திரிப்பதாகும்.

நேச நாட்டுத் தரப்பில் மிக அழகான வழக்கம் அமெரிக்கக் கடற்படையின் அட்மிரல் நிமிட்ஸுடையது. 1945 செப்டம்பர் 2-இல் டோக்கியோ விரிகுடாவில் மிசோரி கப்பலின் தளத்தில் ஜப்பான் சரணடைந்தபோது, அமெரிக்காவின் சார்பில் கையெழுத்திட்டவர் அவர். அந்தக் காட்சியின் படத்தை எடுத்து, போரில் உழைத்தவர்களுக்கு அவரவர் பெயரை எழுதி, இந்தக் காட்சி நிகழ உங்கள் உழைப்பும் காரணம் என்ற பொருளில் ஒரு வரி சேர்த்து, கையெழுத்திட்டுக் கொடுத்தார். கொடுப்பவரின் புகழை விட வாங்குபவரின் உழைப்பைச் சொல்லும் வாசகம் இந்தத் துறையில் அபூர்வம். அதே நிகழ்ச்சியின் மற்றொரு படத்தில், நேச நாடுகளின் சார்பில் கையெழுத்திடும் ஜெனரல் மக்ஆர்தருக்குப் பின்னால் மெலிந்துபோன இருவர் நிற்கிறார்கள். ஒருவர் பிலிப்பைன்ஸில் சரணடைந்த அமெரிக்கத் தளபதி வெயின்ரைட். மற்றவர் 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரை ஒப்படைத்த பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல். மக்ஆர்தர் தன் பேனாக்களில் ஒவ்வொன்றை இருவருக்கும் கொடுத்தார்.

பிரிட்டிஷ் தளபதிகளின் படங்களில் பெயரே நாள்காட்டியாகிவிடுகிறது. மான்ட்கோமரி போர்க்காலத்தில் ‘பி. எல். மான்ட்கோமரி’ என்று எழுதி, ஜெனரல் என்றோ, 1944 செப்டம்பர் 1-க்குப் பிறகு ஃபீல்டு மார்ஷல் என்றோ சேர்த்தார். 1946-இல் பிரபுப் பட்டம் வந்தபின் அது ‘மான்ட்கோமரி ஆஃப் அலமெய்ன்’ ஆனது. மவுன்ட்பேட்டனும் அப்படியே. அவர் தலைமை தாங்கிய தென்கிழக்காசியப் படைத்தலைமையகம் 1944 ஏப்ரலில் இலங்கையில் கண்டியை அடுத்த பேராதனைக்கு வந்தது. அங்கிருந்து அவர் கையெழுத்திட்ட படம் ‘லூயி மவுன்ட்பேட்டன்’ என்றுதான் இருக்க முடியும். ‘மவுன்ட்பேட்டன் ஆஃப் பர்மா’ என்ற கையெழுத்து 1946-க்குப் பிந்தியது.

1970-களில் இந்த வழக்கம் மறுபடி தழைத்தது. அப்போது இரண்டாம் உலகப் போர் விமானிகள் அறுபதை நெருங்கியிருந்தார்கள். அரச விமானப்படை அருங்காட்சியகம் விமானத்தில் பறந்துவந்த அஞ்சல் உறைகளில் முன்னாள் வீரர்களின் கையெழுத்து வாங்கி நிதி திரட்டியது. ஓவியர் ராபர்ட் டெய்லரின் ஸ்பிட்ஃபயர் ஓவியத்தின் அச்சுப் பிரதிகளில் பிரிட்டிஷ் விமானிகள் டக்ளஸ் பேடரும் ஜானி ஜான்சனும் கையெழுத்திட்டார்கள். முன்னாள் எதிரிகள் ஒரே தாளில் கையெழுத்திடுவதும் சகஜமாயிற்று. பேடரும் ஜெர்மன் விமானி கலாண்டும் நல்ல நண்பர்களாகவே ஆகிவிட்டார்கள். ஹிரோஷிமாவில் குண்டு போட்ட எனோலா கே விமானத்தின் பால் டிபெட்ஸ், வான் கிர்க் போன்றோர் விமானக் கண்காட்சிகளில் அமர்ந்து கையெழுத்திட்டார்கள். அந்தப் படங்களை வாங்குவதா வேண்டாமா என்பது சேகரிப்பாளர்களுக்கிடையே இன்றும் தீராத வழக்கு.

முதுமையில் கையெழுத்திடும் இந்த வழக்கத்தால் சந்தையில் இரண்டு தரம் பிரிந்தது. போர்க்காலத்திலேயே கையெழுத்தான பழைய படம் ஒன்று. பழைய தகட்டிலிருந்து புதிதாகப் பிரதி எடுத்து முதுமையில் கையெழுத்திட்டது மற்றொன்று. இரண்டும் உண்மையானவையே, விலை வேறு. இரண்டாவதை முதலாவது என்று சொல்லி விற்பதுதான் மோசடி. இரண்டாம் உலகப் போரின் பிரிட்டன் வான்போரில் நேச நாட்டுத் தரப்பில் பறந்த ஏறக்குறைய 2,900 பேரில் கடைசியாக எஞ்சியிருந்த ஜான் ஹெமிங்வே 2025 மார்ச் 17-இல் இறந்ததோடு, அந்தக் கையெழுத்து வரிசை முற்றுப்பெற்றது.

போலிகள் இந்த வழக்கத்தோடு கூடவே வளர்ந்தவை. பிலடெல்பியாவில் வாஷிங்டன், பிராங்க்ளின் ஆகியோரின் கையெழுத்தைப் போட்டுப் பிழைத்த ராபர்ட் ஸ்பிரிங், உள்நாட்டுப் போர் வந்ததும் ஸ்டோன்வால் ஜாக்சனின் கையெழுத்துக்குத் தாவினார். ஏமாற்றும் நோக்கமின்றி உண்டான பொய்களும் உண்டு: அட்டையிலேயே அச்சடித்த கையெழுத்து, செயலாளர் போட்டது, ரப்பர் ஸ்டாம்ப், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பரவிய ஆட்டோபென் இயந்திரம். பூதக்கண்ணாடியே இவற்றில் பாதியைக் காட்டிக்கொடுத்துவிடும். கையால் எழுதியதில் கோடு கோட்டைக் கடக்கும் இடத்தில் மை கருக்கும், அழுத்தம் கூடிக் குறையும், நார்களில் மை ஊறியிருக்கும். அச்சு எங்கும் ஒரே சீராக இருக்கும். ஆட்டோபென் கோடு நடுக்கமின்றி, தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் ஒரே மாதிரிப் புள்ளி வைக்கும். ஒருவரின் இரண்டு கையெழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அச்சாகப் பொருந்துகிறது என்றால் அதை நம்பக்கூடாது; மனிதக் கை இருமுறை ஒன்றுபோல் எழுதாது.

பொருள்களின் வயதும் சாட்சி சொல்லும். பால்பாயின்ட் பேனா அமெரிக்கக் கடைக்கு வந்தது 1945 அக்டோபரில்; மார்க்கர் பேனா பரவியது 1960-களில். 1918-இல் இறந்த ரிஷ்ட்ஹோஃபனின் படத்தில் பால்பாயின்ட் மை இருந்தால் மேற்கொண்டு ஆராய ஒன்றுமில்லை. 1950-களில் பரவலான புகைப்படத் தாள்களில் வெண்மையூட்டி கலந்திருப்பதால் புற ஊதா விளக்கில் நீலமாகப் பளிச்சிடும். உண்மையான வெண்கருத் தாள் அப்படி ஒளிராது. ஆனால் பழைய, கையெழுத்தில்லாத அசல் அட்டையை வாங்கி அதில் புதிதாக எழுதும் மோசடிக்கு இந்தச் சோதனை போதாது. அங்கே எழுத்தின் ஓட்டத்தையும், அட்டை கைமாறி வந்த வழியையும்தான் பார்க்க வேண்டும்.

மோசடியைவிடப் பெரிய சேதம் நேர்மையான கைகளாலும் நடந்திருக்கிறது. யாருக்கு எழுதிக் கொடுத்தது என்ற வரி இருந்தால் விலை குறையும் என்று எண்ணி, அட்டையின் கீழ்ப்பாதியை வெட்டிக் கையெழுத்தை மட்டும் நிறுத்தியவர்கள் உண்டு. அந்நியப் பெயராகத் தெரிந்த அந்த வரியில்தான் அட்டையின் வரலாறு இருந்தது: எந்த ரெஜிமென்ட், எந்தப் பாசறை, யாருடைய நட்பு. அதை வெட்டியபின் மிஞ்சுவது அச்சுக்கடையில் ஆயிரக்கணக்கில் கிடைத்த படமும் ஒரு பெயரும் மட்டுமே. லேமினேட் செய்வதும், வெயில் படும் சுவரில் மாட்டுவதும் அதே அளவு கெடுதி. இரும்பு கலந்த பழைய மை முதலில் பழுப்பாகி, ஒளி பட்டால் மெல்ல வெளிறிப்போகும்.

இத்தகைய சேதங்களுக்குத் தப்பிப் பிழைத்த சின்ன அதிகாரிகளின் அட்டைகளுக்கு அண்மையில் ஒரு புதிய வேலை வந்திருக்கிறது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், கார்லைல் மையம் முதலான இடங்களில் பெயர் தெரியாத உள்நாட்டுப் போர் முகங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2018-இல் செயல்படத் தொடங்கிய ‘சிவில் வார் ஃபோட்டோ ஸ்லூத்’ என்ற தளம், முக ஒப்பீட்டு மென்பொருளைக் கொண்டு பெயரற்ற படத்தைப் பெயர் தெரிந்த படத்தோடு பொருத்திப் பார்க்கிறது. மென்பொருள் காட்டும் ஒற்றுமை ஐயத்துக்கு இடம் தரும். சீருடை, பதவிச் சின்னம், ஸ்டுடியோவின் பெயர் என்று மற்றவற்றையும் ஆள் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். அப்போது அடிப்படைச் சான்றாக நிற்பது, படத்தில் இருப்பவரே தன் பெயரையும் பதவியையும் ரெஜிமென்டையும் எழுதிவைத்த அட்டை. 1862-இல் ஒரு லெப்டினன்ட் தன் தோழனுக்கு எழுதிக் கொடுத்த அட்டையைக் கொண்டு, வேறோர் ஊரில் வேறோர் ஆல்பத்தில் பெயரில்லாமல் கிடந்த அவருடைய இன்னொரு படத்துக்கும் பெயர் இட முடிகிறது.